நடுவுல வரும்போது

கதவு தொறந்துதான் இருக்கு. நான் அப்பவே பாத்துட்டேன், இப்பவும் பாத்துட்டேன், தொறந்துதான் இருக்கு. காத்துல அடிச்சுச் சாத்திக்கக் கூடாதுன்னு அடியில அயன்பாக்ஸ முட்டுக் குடுத்து வச்சிருக்கேன், ஜெபராஜ் சார் எம்பொண்ணுக்கு டியூஷன் எடுக்க வந்த மொத நாளே நான் வச்சது. சார் அதப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. சொல்லாததே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஏங்க்கா இங்க அயன்பாக்ஸ் கெடக்குன்னு ஒருத்தன் சாதாரணமாக் கேக்கணுமா வேணாமா? கேக்கலேன்னா அது எதுக்குக் கெடக்குன்னு அவனுக்குத் தெரியும்னு அர்த்தம். தெரியும்னா அவனும் அதப்பத்தி யோசிச்சிருக்கான்னு அர்த்தம். நான் ஹால்ல சோபாவுல உக்காந்து முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன். செவ்வா, வியாழன், சனி, டியூஷன் நாள்னா எங்க வீட்ல கீரைதான். வேற எத சமைச்சாலும் அடுப்படிக்குப் போகணும், போனா மிக்ஸி, குக்கர், ஒண்ணும் காதுல விழாது. கீரைன்னா ஒரே எடத்துல ஒரு மணி நேரம் உக்காரலாம், கை பாட்டுக்குக் கை ஆயும், காது பாட்டுக்குக் காது கேக்கும். "நம்ம வீட்ல என்ன ஆடா வளக்குறோம்?"னு இவரு போன வாரம் தட்டைப் பாத்துக் கேட்டாரு. கேப்பாரு. பார்சல் ஆபீஸ்ல மூட்டைய எண்ணிட்டு ஒம்பது மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுக்குற மனுசனுக்கு வீட்ல எது எந்தப் பக்கம் போகுதுன்னு என்ன தெரியும்? எதச் சொன்னாலும் நீயே பாத்துக்கங்கிறது. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்.

இங்கேருந்து பாத்தா சுபியோட ஒரு முழங்கை தெரியுது, மேசையோட ஒரு மூலை, அப்புறம் காலண்டர் மாட்டியிருக்குற செவுரு ஒரு கையகலம். சாரு தெரிய மாட்டாரு. சாரோட எடது கால் மட்டும் தெரியும். இன்னிக்குப் புது சாக்ஸ். வியாழக்கெழம வரைக்கும் கட்டைவிரல் எட்டிப் பாக்குற சாக்ஸ் போட்டுக்கிட்டு வந்தவன் இன்னிக்கு எதுக்குப் புது சாக்ஸ் போடுறான்? சனிக்கெழம என்ன விசேஷம்? சரி, வாங்கியிருப்பான், ஓட்டை சாக்ஸ எத்தன நாளைக்குப் போடுவான், எம்எஸ்சி பிஎட் முடிச்சுட்டு வேலைக்குக் காத்துக்கிட்டு வீடு வீடா டியூஷன் எடுக்குற பையன். அப்படின்னு நெனைக்கிறேன், நெனைச்ச கையோட, இல்ல, இன்னிக்கு ஏன்னு மறுபடி அங்கயே வந்து நிக்குது மனசு. கீரைக்காம்பு ஒண்ணு இலையோட விழுந்துருச்சு, அத எடுத்துப் போடுறேன். உள்ள சார் பேசுறாரு, சத்தமாத்தான் பேசுறாரு, வழக்கத்த விட சத்தமா. எனக்குக் கேக்கணும்னே பேசுற சத்தம். "இங்க பாரு சுபி, ஒரு பொருள் இப்படியும் அப்படியும் ஆடிட்டே இருக்கு. சைன் அலை மாதிரி. அது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். எவ்ளோ வேகமாப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" "தெரியல சார்." "தெரியலேன்னா திங்கக்கெழம என்ன எழுதுவே?" "தெரியல சார்"ன்னு சொல்லிட்டு இவ சிரிக்கிறா. சிரிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? திங்கக்கெழம மறுதேர்வு. அரையாண்டுல பிசிக்ஸ்ல கோட்டை விட்டுட்டா, இந்தத் தடவையும் தேறலேன்னா சயின்ஸ் குரூப்ப விட்டு எடுத்துருவோம்னு பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுச் சொல்லியாச்சு, நான்தான் போய் அந்த நாற்காலியில உக்காந்து தலையக் குனிஞ்சு கேட்டுட்டு வந்தேன். சின்னப் புள்ளையிலேர்ந்து லேபுல வெள்ளக் கோட்டு போட்டு நிக்கணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச புள்ள. அவளுக்குத்தான திங்கக்கெழம வாழ்வா சாவா, சிரிப்பு எங்கேருந்து வருது?

அக்கா. அங்கதான் எனக்கு மொத மொதல்ல உறுத்துச்சு. வந்த அன்னிக்கே, வணக்கம்க்கா, நான்தான் ஜெபராஜ்னான். ஆன்ட்டின்னு கூப்பிட்டிருந்தா ஒண்ணும் இல்ல, ஊரே அப்படித்தான் கூப்பிடுது. அம்மான்னு கூப்பிட்டிருந்தா சுபி அவனுக்குத் தங்கச்சி, முடிஞ்சது ஜோலி, நானும் நிம்மதியா வெண்டக்காயோ வாழப்பூவோ பண்ணியிருப்பேன். அக்கான்னா? அக்கான்னா எனக்குத் தம்பி. எனக்குத் தம்பின்னா எம்பொண்ணுக்கு யாரு? தாய்மாமன். எங்க பக்கம் தாய்மாமனுக்குத்தான மொத உரிமை, எங்க சித்தி மக தனலெட்சுமி கட்டிக்கிட்டது தாய்மாமனத்தான, பந்தல்ல நான்தான சந்தனம் குடுத்தேன். யோசிக்காமயா கூப்பிடுவான் ஒருத்தன்? இவருகிட்ட சொன்னேன். சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சிரிக்கிறாரு. "பஸ்ல கண்டக்டரும்தான் உன்ன அக்காங்கிறான், அவனுக்கும் பொண்ணக் குடுத்துருவியா?" கண்டக்டர் என் வீட்டுக்குள்ள வந்து உக்காரலயேன்னேன். அப்புறம் நானே ஒரு நாள் தண்ணி குடுக்கும்போது நைசாச் சொல்லிப் பாத்தேன், அம்மான்னே கூப்பிடுங்க சார், எனக்கும் வயசாச்சுல்லன்னு. அதுக்கு அவன், "உங்களப் பாத்தா அம்மான்னு கூப்பிடத் தோணலக்கா, எங்க பெரியக்கா மாதிரிதான் இருக்கீங்க"ன்னான். பொய் சொல்லுவானேன், எனக்கு ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணாடில கூட ஒரு தடவ பாத்துக்கிட்டேன். மூணாம் நாள் காலையில தோச ஊத்தும்போதுதான் சுருக்குன்னுச்சு. அம்மாவ மொதல்ல கையில போட்டுக்கிறான். அடப்பாவின்னு தோசக்கரண்டியோட அப்படியே நின்னுட்டேன், தோச கருகிப்போச்சு.

"ஓரத்துக்குப் போகுதுல்ல, அந்தக் கடைசியில ஒரு கணம் நின்னுடும். அங்க வேகமே கெடையாது. அப்புறம் திரும்பும். திரும்பி வர வர வேகம் கூடும். நடுவுல வரும்போதுதான் வேகம் ஜாஸ்தி." "நடுவுலயா சார்? நடுவுலதான ஒண்ணுமே இல்ல?" "இடப்பெயர்ச்சிதான் அங்க பூஜ்யம். வேகம் உச்சம். இருக்குற எடம் வேற, போற வேகம் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே." என் கை நின்னு போச்சு. இது பாடமா, இல்ல வேற எதுவுமா? பாடந்தான், புஸ்தகத்துல இருக்கும், இல்லாமயா சொல்லுவாரு. ஆனா எனக்கு சுபிதான் ஞாபகத்துக்கு வரா. ஏன்னா ஜூன் மாசம் எம்பொண்ணு ஓரத்துலதான இருந்தா. டியூஷனும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்னு சீப்பத் தூக்கிக் கடாசினா, போனப் புடுங்குனதுக்கு ரெண்டு நாள் பேசல, கதவ அறஞ்ச அறையில கீழ்வீட்டு ஃப்ளோரா மேல வந்து எட்டிப் பாத்தாங்க. அப்பல்லாம் எனக்கு ஒரு பயமும் இல்ல. கத்துனா, நானும் கத்துனேன், தூங்கிட்டோம். இப்பப் பாரு. சாயங்காலம் வந்ததும் அவளே போனக் கொண்டாந்து ஃபிரிட்ஜ் மேல வைக்கிறா. போர்வைய மடிக்கிறா. கீரையத் தட்டுல வச்சா முகம் சுளிக்காம திங்கிறா, பதினாறு வயசுப் புள்ள வாரத்துல மூணு நாள் முருங்கக்கீரைய ஒண்ணும் சொல்லாமத் திங்குமா? செவ்வா வியாழன் மட்டும் இருந்த டியூஷன, சனிக்கெழமயும் வரச் சொல்லும்மான்னு கேட்டதும் அவதான். எல்லாம் நடுவுல இருக்கு. எல்லாம் ஒழுங்கா இருக்கு. எங்க கைய வச்சாலும் பூஜ்யம். நானும் பொண்ணு திருந்திட்டான்னு நெனைச்சுக்கிட்டு, எங்க இருக்கான்னு மட்டுமே பாத்துக்கிட்டிருந்திருக்கேன். எவ்வளவு வேகத்துல போறான்னு பாக்கவே இல்லையே.

செல்வராணியும் அப்படித்தான் இருந்தா. திருமங்கலத்துல டைப்ரைட்டிங் கிளாசுல எம்பக்கத்து மிஷினு, சிவப்பா, நெத்தியில ஒரு தழும்போட, எதுக்கெடுத்தாலும் ஐயையோங்கிறவ. ரெண்டு பேரும் பிளஸ் டூ முடிச்சுட்டு லோயர் கிரேடு சேந்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் என் டிபன் பாக்ஸத் தொறந்து எலுமிச்ச சாதத்த எடுத்து வாயில போட்டுட்டு உப்புக் கம்மிடின்னா. ரிப்பன் மாட்டத் தெரியாம மையி கையெல்லாம் பூசிக்கிட்டு என் தாவணியில தொடைக்க வந்தா, நான் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான். மறுநாள் அவளும் இல்ல, கிளாஸ் நடத்துன அந்த மாஸ்டரும் இல்ல. அவங்க அண்ணன் வந்து டைப்ரைட்டரத் தூக்கித் தெருவுல போட்டான், அந்த எழுத்தெல்லாம் சாக்கடையோரம் தெறிச்சுக் கெடந்தது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. எல்லாரும் என்னத்தான் கேட்டாங்க. உங்கிட்ட சொல்லியிருப்பாளே, நீ பாத்திருப்பியே, கண்ணுல தெரிஞ்சிருக்குமே. என்ன தெரிஞ்சுச்சு? உப்புக் கம்மின்னு சொன்னா. அதான் தெரிஞ்சுச்சு. அழுதிருந்தா தெரிஞ்சிருக்கும், சண்ட போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். சாதாரணமா இருந்தவள என்னன்னு சந்தேகப்படுறது? அன்னிலேர்ந்து எனக்குச் சாதாரணமா இருக்குறவங்களக் கண்டாத்தான் பயம். இது ஒரு வியாதின்னு இவரு சொல்லுவாரு. வியாதின்னா வியாதின்னே வச்சுக்கங்க, செல்வராணியோட அம்மா தெருவுல உருண்டு அழுதத நீங்க பாக்கல.

உள்ள சத்தம் இல்ல. ஏன் சத்தம் இல்ல? பென்சில் ஓடுற சத்தம் கேக்கணுமே. ஃபேன் சத்தம் கேக்குது. முழங்கை அங்கதான் இருக்கு, ஆனா அசையல. எழுதுனா அசையும்ல? நான் தட்ட மடியிலேர்ந்து எறக்குறேன், எறக்கும்போது கணீர்னு ஒரு சத்தம், நான் வேணும்னு போடல, சரி, கொஞ்சம் வேணும்னுதான். உடனே உள்ள சார் தொண்டையச் செருமுறாரு. சத்தம் வந்ததும் செருமுறான்னா அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தான்? "போட்டுட்டியா?" "இல்ல சார், இந்த எடம் புரியல." "எந்த எடம்?" "நடுவுல எப்படி சார் வேகம் ஜாஸ்தியாகும், அதப் புரியாம ஃபார்முலா மட்டும் போட எனக்குப் புடிக்கல." புடிக்கல. பாரு, எப்படிக் கொஞ்சிக்கிட்டுச் சொல்றா. என்கிட்ட ஒரு நாள் இந்தக் கொரல்ல பேசியிருப்பாளா? புரியலேன்னு சொன்னாத்தான சார் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாரு. மார்க்கு ஏன் எறங்குச்சு? மூணு மாசமா டியூஷன், மார்க்கு கூடணுமா எறங்கணுமா? தேறிட்டா டியூஷன் நின்னுடும்ல, அதுக்குத்தான் தேற மாட்டேங்கிறா. எனக்கா தெரியாது. நெனைக்க நெனைக்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வருது, பூக்கட்டுற மாதிரி, ஒரு எடத்துலயும் விட்டுப் போகல. விட்டுப் போனாத்தான் நல்லாருக்கும், கடவுளே, எங்கயாவது ஒரு எடத்துல விட்டுப் போகட்டுமேன்னும் தோணுது. நான் என்ன ஆசப்பட்டா இதெல்லாம் நெனைக்கிறேன்? பெத்த பொண்ணப் பத்தி?

"சரி, காட்டுறேன். அந்தச் சுத்துற சேர இங்க தள்ளு. ஒரு பாட்டில் எடுத்துட்டு வா." சேரு உருள்ற சத்தம். பார்சல் ஆபீஸ்ல கழிச்சுப் போட்டாங்கன்னு இவ அப்பா தூக்கிட்டு வந்த சேரு, ஒரு கை கெடையாது. சுபி வெளிய வரா, என்னத் தாண்டி அடுப்படிக்குப் போறா. மொகத்தப் பாக்குறேன். ஒண்ணும் இல்ல. கன்னம் செவந்திருக்கா? வெக்கையா இருக்கும். காலி ஊறுகா பாட்டில எடுத்துக்கிட்டுத் திரும்புறா. "எதுக்குடி?" "நிழலுக்கும்மா." "நிழலுக்கா?" "சார் நிழல் காட்டுறாராம்." நிழல் காட்டுறாராம்! இது எந்தப் பள்ளிக்கூடத்துல? நான் வாயத் தொறக்குறதுக்குள்ள உள்ள போயிட்டா. சேரு மேல பாட்டில வைக்கிற சத்தம். ஓரமா வை, இன்னும் ஓரமா, ம். அப்புறம் சார் சொல்றாரு, சாதாரணமா, தண்ணி குடுன்னு கேக்குற மாதிரி, "சுபி, லைட்ட அமத்து." டக்குனு ஒரு சத்தம். ரூமு இருட்டாயிருச்சு. என் வீட்ல, நான் உக்காந்திருக்கும்போதே, என் கண்ணு முன்னாடி லைட்ட அமத்துறான். எந்திரின்னு சொல்றேன் என் கால்கிட்ட, அது எந்திரிக்க மாட்டேங்குது. அயன்பாக்ஸ் இருக்கு. கதவு தொறந்துதான் இருக்கு. தொறந்திருந்து என்ன பிரயோசனம், இருட்டுல?

அப்புறம் ஒரு வெளிச்சம், போன் டார்ச்சு. எனக்குத் தெரியற அந்தக் கையகலச் செவுத்துல, கதவுநெலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நிழல் வருது. பாட்டில் நிழல். வேகமா வந்து, காலண்டர்கிட்ட வர வர மெதுவாகி, கிட்டத்தட்ட நின்னு, யோசிக்கிற மாதிரி ஒரு கணம் நின்னு, திரும்பிப் போயிருது. போனது போச்சு, செவுரு காலி. மறுபடி வருது. மெதுவாகுது, நிக்குது, போகுது. "பாத்தியா? சேரு ஒரே சீராத்தான் சுத்துது, ஆனா நிழலு? ஓரத்துல மெதுவா, நடுவுல வேகமா." "ஆமா சார்! ஐயோ, ஆமா!" என்ன ஒரு சந்தோஷம் அந்தக் கொரல்ல. எனக்குத் தெரியறது அது நிக்கிற எடம் மட்டுந்தான். ஓடுற எடமெல்லாம் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. இங்கேருந்து பாத்தா ஏதோ சோம்பேறித்தனமா வந்து வந்து போற மாதிரிதான் தெரியுது. நான் கழுத்த நீட்டுறேன். அப்ப செவுத்துல இன்னொரு நிழல் வந்துச்சு. தலை. சுபியோட ரெட்டசடை. அதுக்குப் பக்கத்துல இன்னொரு தலை. ரெண்டும் கிட்ட வருது. கிட்ட வந்து, ஒண்ணாகிப் போச்சு. ஒரே தலையா. அவ்வளவுதான், எப்படி எந்திரிச்சேன்னு தெரியாது, கீரைத்தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அயன்பாக்ஸ்ல கால் இடிச்சு, சுவிட்சத் தேடி அறைஞ்சேன்.

வெளிச்சம். ரெண்டு பேரும் கண்ணச் சுருக்கிக்கிட்டு என்னப் பாக்குறாங்க. சார் ஜன்னல்கிட்ட தரையில குத்துக்கால் வச்சு உக்காந்து ஒரு கையால சேரச் சுத்திவிட்டுக்கிட்டிருக்காரு, போன் டார்ச்சு அவருக்குப் பின்னால ஜன்னல்கட்டையில எரியுது. சுபி இந்தப் பக்கம் செவுத்தோரமா ஸ்கேலும் பென்சிலுமா நிக்கிறா, செவுத்துல வரிசையாப் புள்ளி வச்சிருக்கா, என் வெள்ளச் செவுத்துல. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கட்டில் கெடக்கு, அதுல அவ யூனிஃபார்ம் கெடக்கு. சேரு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, பாட்டில் அதுல ஆடுது. "என்னக்கா?" "இருட்டுல கண்ணு போயிரும்"னேன். மூச்சு வாங்குது எனக்கு. "டார்ச்சு இருக்கும்மா"ங்கிறா சுபி. கட்டில் நடுவுல கெடக்கு. ஒரு வெளக்குக்கு முன்னாடி முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் இருந்தா செவுத்துல நிழல் ஒண்ணாத்தான் விழும், இது எனக்குத் தெரியாதா, கரண்டு போனா கையால மான் காட்டியிருக்கேனே இவளுக்கு. தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்குது, நீ எந்திரிச்சு வரதுக்குள்ள எவ்வளவு நேரம் ஆச்சு? தட்டு விழுந்த சத்தம் கேட்டிருக்கும்ல? சத்தம் கேட்டா எவ்வளவு நேரத்துல ஒருத்தன் ஜன்னல்கிட்டப் போயி உக்காந்துக்க முடியும்? முடியாது, கட்டிலத் தாண்டணும். முடியும், சின்ன வயசு. முடியாது. சார் எந்திரிச்சு முழங்காலத் தட்டிக்கிறாரு. புது சாக்ஸுல தூசி.

ஹாலுக்கு வந்து கீரையப் பொறுக்குறேன். உள்ள மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி, ஆனா கொரல் எறங்கிருச்சு. "இப்பக் கணக்கப் போடு. வீச்சு பத்து. நடுவுலேர்ந்து ஆறு தள்ளி இருக்கும்போது வேகம் என்ன? ஒமேகா இன்ட்டு ரூட்டு. ரூட்டுக்குள்ள என்ன வரும்?" இவ என்னமோ முணுமுணுக்குறா. அவர் என்னமோ சொல்றாரு. கொரல எறக்குனதுதான் என்னப் போட்டு ஆட்டுச்சு. இதுவரைக்கும் எனக்குக் கேக்குற மாதிரி பேசுனவன் இப்ப எனக்குக் கேக்காத மாதிரி பேசுறான். சரி, போதும். பரீட்ச போனாப் போகுது, குரூப் மாறுனா மாறுது, ஒரு வருஷம் போனாலும் போகுது. பொண்ணு போனா வருமா? செல்வராணி திரும்பி வந்தாளா? இவருகிட்ட கேட்டா நீயே பாத்துக்கம்பாரு. நானே பாத்துக்கிட்டேன். "சார், ஒரு நிமிஷம் வாங்க."

வந்து நிக்கிறாரு. பக்கத்துல பாத்தா சின்னப் பையந்தான், மீசைக்குக் கீழ முகப்பரு ஒண்ணு. "இனிமே வர வேணாம் சார். அவளே படிச்சுக்குவா." "திங்கக்கெழம பரீட்சக்கா. நாளைக்கும் வந்து எடுக்குறேன்னு சொல்லியிருந்தேன்." "வேணாம் சார்." அவரு கதவப் பாக்குறாரு, என் கால்பட்டுப் பெரண்டு கெடந்த அயன்பாக்ஸப் பாக்குறாரு, என் மடியில கெடக்குற கீரையப் பாக்குறாரு. அவருக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சத அவரு மொகத்துல நான் பாத்தேன், காது ரெண்டும் செவந்து போச்சு. புரிஞ்சா கோவப்படணும்ல ஒருத்தன்? ஏன் கோவப்படல? "சரிங்கக்கா. அந்தக் கணக்கு மட்டும் பாதியில நிக்குது. பத்து நிமிஷம். முடிச்சுக் குடுத்துட்டுப் போயிர்றேன், நீங்களும் வந்து உள்ளயே உக்காருங்க." பத்து நிமிஷத்துல என்னத்தச் சொல்லிக்கிறதுக்கு? நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, கணக்கு மாதிரியே சொல்லிட்டுப் போயிருவான். "நேரமாச்சு சார்"னேன். ஷூவ மாட்டுறாரு. குனிஞ்சு நாடா கட்டுறாரு, ரொம்ப நேரம் கட்டுறாரு. வாசப்படி எறங்கும்போது உள்ள பாத்து சத்தமா, "சுபி, வேகம் நெகட்டிவ்ல வந்தா பயப்படாதே. திரும்பி வருதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்"னாரு. யாரு திரும்பி வரது? எங்க? என்னத்துக்கு? படியில காலடிச் சத்தம் கீழ போகுது, வண்டி ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு தடவ நின்னு மூணாவது தடவ கெளம்புது. நான் காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், ஹாரன் எதுவும் அடிக்கிறானான்னு. அடிக்கல.

இப்ப சுபியத்தான் பாக்கணும். நான் கதவுகிட்ட வந்து நின்னுக்கிட்டேன். அழுவா. அழுதா எல்லாம் தெரிஞ்சு போகும், மூணு மாசமா நான் தேடுனது அந்த ஒரு சொட்டுதான். "ஏம்மா போயிட்டாரு?"ன்னா. "நான்தான் வர வேணாம்னுட்டேன்." கண்ணையே பாக்குறேன். கண்ணு விரியுது, அவ்வளவுதான், தண்ணி வரல. "நாளைக்குமா?" "ஆமா." "ஏம்மா?" "நீயே படிச்சுக்க. வயசாகல உனக்கு?" கத்துவான்னு பாத்தேன், எதையாவது எடுத்து எறியட்டும், எறிஞ்சாக் கூட எனக்கு நல்லாருக்கும். ஒண்ணும் இல்ல. செவுத்துல வச்ச புள்ளியப் பாத்தா, பாட்டில எடுத்துக் கீழ வச்சா, சேர மேசைகிட்ட இழுத்துப் போட்டு உக்காந்தா. அழல பாரு, அழுத்தக்காரின்னு ஒரு பக்கம் சொல்லுது. அழறதுக்கு என்ன இருக்குன்னு ஒரு பக்கம் கேக்குது. பென்சில் எடுத்து எழுதுறா, அடிக்கிறா, எழுதுறா, ரப்பர் போட்டுத் தேய்க்கிறா, பேப்பர் கிழியுது. நான் உள்ள போயி கட்டில்ல உக்காந்தேன். அந்த ரூமுல டியூஷன் நேரத்துல நான் உக்காந்தது இன்னிக்குத்தான் மொத தடவ.

"அம்மா." "என்னடி." "அந்த ரூட்டுக்குள்ள சார் கடைசியா என்னம்மா சொன்னாரு? பத்துலேர்ந்து ஆறக் கழிச்சுட்டு ஸ்கொயர் பண்ணணுமா, ஸ்கொயர் பண்ணிட்டுக் கழிக்கணுமா? நான் எழுதுறதுக்குள்ள நீ சாரக் கூப்பிட்டுட்டே." பேப்பர என் பக்கம் திருப்பி வைக்கிறா. பொடிப்பொடியா என்னென்னமோ. "எனக்கு எப்படிடி தெரியும்?" "நீ எப்பவும் கேட்டுக்கிட்டுத்தானம்மா இருப்பே"ன்னா. குத்திக்காட்டல. குத்திக்காட்டுறாளான்னு நான் நல்லாப் பாத்தேன், இல்ல. "நான் ஏதாவது விட்டுட்டாக் கூட அம்மா கேட்டு வச்சிருப்பான்னுதான் நான் நெனச்சுக்குவேன். அதுக்குத்தான நீ அங்கயே உக்காந்திருக்கே? சார்கிட்டயும் சொன்னேன், எங்கம்மாவுக்கும் கேக்குற மாதிரி சத்தமா நடத்துங்க சார்னு." நான் தேடுறேன். நெசமாவே உக்காந்து தேடுறேன். அவன் எத்தன தடவ சிரிச்சான், இருக்கு. எப்பெப்ப சத்தமில்லாம இருந்துச்சு, இருக்கு. சுபின்னு கூப்பிடும்போது எந்த எழுத்துல இழுப்பான், இருக்கு. எந்தக் கால மேல போட்டிருந்தான், அதுகூட இருக்கு. மூணு மாசமா ஒரு வார்த்த விடாம கேட்டிருக்கேன். எதுலேர்ந்து எதக் கழிக்கணும்னு மட்டும் எனக்குத் தெரியல. "சொல்லும்மா"ங்கிறா. எம்பொண்ணு கொஞ்ச நேரம் என் மொகத்தப் பாத்தா, அப்புறம் பேப்பரப் பாத்தா, மறுபடி பத்துன்னு எழுதுனா, பக்கத்துல ஆறுன்னு எழுதுனா. அப்பத்தான் அழுதா. பென்சில விடாம, என்னப் பாக்காம, அந்தக் கணக்கப் பாத்தே அழுதா.